சாம்சங் கேலக்ஸி ஏ55: மூன்று, நான்கு வருடம் வைத்துக்கொள்ள ஏற்ற போனா?

நடுத்தர ரக போனை முதல் வார வேகத்தை வைத்து எடை போடக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த புதிதில் எல்லா போனும் நன்றாகத்தான் ஓடும். சேமிப்பு முக்கால்வாசி நிரம்பி, பேட்டரி தேய்ந்து, ஆண்ட்ராய்டு இரண்டு தலைமுறை மாறிய பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தினமும் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டிய தகவல். 2024 மார்ச்சில் வெளிவந்த கேலக்ஸி ஏ55-ஐ இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இதே வகுப்பில் இதைவிட வேகமான சிப்பும், இதைவிடப் பல மடங்கு விரைவான சார்ஜிங்கும் கிடைக்கின்றன. ஆனாலும் நீண்ட நாள் வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

உடல்கட்டிலிருந்து தொடங்கலாம். முந்தைய ஏ54-ன் சட்டம் பிளாஸ்டிக், இதில் அலுமினியம். முன்பக்கம் கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ், பின்பக்கமும் கண்ணாடி. எடை 213 கிராம். கவர் போட்டால் கால் கிலோவை நெருங்கும், படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் படிப்பவருக்கு மணிக்கட்டு வலிக்கும். திரை வளையாமல் தட்டையாக இருப்பது பெரிய வசதி. வளைந்த திரை என்றால் பசை ஊற்றிப் புற ஊதா விளக்கில் காயவைக்கும் கண்ணாடி தேவைப்படும். இதற்குச் சாதாரண டெம்பர்டு கிளாஸே ஓரம் தூக்காமல் உட்காரும். எவ்வளவு உறுதியான கண்ணாடி என்றாலும் மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் அதைக் கீறிவிடும். அதனால் விக்டஸ் பிளஸ் இருக்கிறதே என்று ஸ்க்ரீன் கார்டைத் தவிர்க்க வேண்டாம்.

தண்ணீர்ப் பாதுகாப்பு ஐபி67. ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். கடல்நீர், சோப்புத் தண்ணீர், நீச்சல்குளத்துக் குளோரின் எதுவும் இந்தக் கணக்கில் வராது. போன் நனைந்துவிட்டால் சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி நீரை வெளியேற்றிவிட்டுக் காற்றில் காயவிட வேண்டும். ஈரம் இருக்கிறது என்ற எச்சரிக்கை மறையும்வரை கேபிளைச் செருகக் கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் துளைக்குள் இருக்கும் முனைகள் அரித்துப்போகும். பேட்டரியோ திரையோ மாற்றுவதற்காகப் போனை ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஒட்டுப் பட்டையும் மாற்றப்பட வேண்டும். அதை மாற்றாமல் மூடினால் ஐபி67 அன்றோடு போயிற்று. பழுது பார்ப்பவரிடம் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

6.6 அங்குல அமோலெட் திரை, 1080 x 2340 புள்ளிகள், 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை வரை காட்சி புதுப்பிக்கப்படும்). உச்ச வெளிச்சம் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று நிறுவனம் சொல்கிறது. வெளிச்சத்தைக் கையால் முழுவதும் ஏற்றினாலும் அந்த உச்சம் வராது. அடாப்டிவ் பிரைட்னஸை ஆன் செய்து வைத்தால்தான் கடும் வெயிலில் திரை தானாக அந்த அளவுக்கு ஏறும். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு பொத்தானைத்தான்.

திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் ஒளியை வைத்து வேலை செய்யும் வகை. விரலுக்கு அடியில் திரை பளிச்சென்று எரிந்து ரேகையைப் படம் பிடிக்கும். எனவே ஈர விரல், காய்ந்து வெடித்த விரல், தூசி படிந்த ஸ்க்ரீன் கார்டு என எதுவாக இருந்தாலும் தடுமாறும். ஸ்க்ரீன் கார்டை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு ரேகையைப் பதிவுசெய்ய வேண்டும். அதிகம் பயன்படுத்தும் கட்டைவிரலை இரண்டு தனித்தனிப் பதிவுகளாகச் சேர்த்தால் தவறுவது வெகுவாகக் குறையும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் உள்ள டச் சென்சிட்டிவிட்டியையும் ஆன் செய்துவிடுங்கள், ஸ்க்ரீன் கார்டு போட்ட திரையில் தொடுதல் மந்தமாவதை அது சரிசெய்யும்.

இனி பேட்டரி. 5000 எம்ஏஎச். பாட்டு, மெசேஜ், வீடியோ, வரைபடம் என்று கலந்து பயன்படுத்தினால் ஒரு முழு நாள் தாராளமாக வரும். சார்ஜிங்தான் மெதுவானது: உச்சம் 25 வாட், முழுதாக நிரம்ப ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இந்த 25 வாட்டும் எல்லா சார்ஜரிலும் கிடைக்காது. பெட்டியில் கேபிள் மட்டும்தான் இருக்கும். யூஎஸ்பி பவர் டெலிவரியில் பிபிஎஸ் என்ற வசதி உள்ள சார்ஜர் வேண்டும். அது போன் கேட்பதற்கேற்ப மின்னழுத்தத்தைச் சிறு சிறு படியாக மாற்றிக் கொடுக்கும். மடிக்கணினியோடு வந்த 65 வாட் சார்ஜரில் பிபிஎஸ் இல்லை என்றால் இந்த போன் 15 வாட் அளவில்தான் ஏறும். மேலே எழுதிய வாட்டைப் பார்த்து ஏமாறாமல், அடியில் பொடி எழுத்தில் 3.3 முதல் 11 வோல்ட் வரை என்பதுபோன்ற வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பிபிஎஸ்ஸின் அடையாளம். கேபிளுக்கு 3 ஆம்பியர் தாங்கும் சாதாரண சி-டு-சி போதும்; 5 ஆம்பியர் கேபிளுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது.

லித்தியம் பேட்டரியைத் தேய வைப்பவற்றில் முக்கியமானவை சூடும், நூறு சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்பதும். இரவு முழுக்க சார்ஜில் விடுபவர்கள் பேட்டரி புரொடெக்‌ஷனில் அடாப்டிவ் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தூங்கும் நேரத்தில் 80-ல் நிறுத்தி வைத்து, விழிக்கும் வேளைக்கு நிரப்பும். மேக்சிமம் முறை 80-லேயே நிறுத்திவிடும். வீட்டிலோ அலுவலகத்திலோ சார்ஜர் எப்போதும் பக்கத்தில் இருப்பவருக்கு அதுவே சிறந்தது. இரவில் அவசரம் இல்லை என்பதால் சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்கை அணைத்துவிட்டால் சூடும் குறையும். தடித்த கவரோடு தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் செய்யும் பழக்கத்தை மட்டும் எந்த செட்டிங்காலும் ஈடுகட்ட முடியாது.

எக்ஸினோஸ் 1480 சிப், 8 அல்லது 12 ஜிபி ரேம். நான்கு பெரிய கோர்கள் 2.75 கிகாஹெர்ட்ஸ், நான்கு சிறியவை 2.0. அன்றாட வேலைக்கு இது போதும். கேமராவிலிருந்து கேலரிக்குப் போகும்போதும், ஆப்கள் ஒட்டுமொத்தமாக அப்டேட் ஆகும்போதும் நொடிப்பொழுது திக்கல் தெரியும். புதிதாக செட்டப் செய்த முதல் இரண்டு மூன்று நாள் போன் சூடாவதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் இயல்பு. பின்னணியில் படங்களை வகைப்படுத்துவதும் ஆப்களை வேகமாக ஓடும்படி தயார்செய்வதும் நடந்துகொண்டிருக்கும். அந்த நாட்களை வைத்துப் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். ரேம் பிளஸ் என்ற வசதி சேமிப்பின் ஒரு பகுதியை ரேம் போலக் காட்டும். உண்மையான ரேமின் வேகம் அதற்குக் கிடையாது. 8 ஜிபி உள்ள போனில் அதை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து ஒரு வாரம் பார்க்கலாம். ஆப்கள் அடிக்கடி மறுபடி லோடு ஆனால் மட்டும் திரும்ப ஆன் செய்யலாம்.

மெசேஜ் நேரத்துக்கு வரவில்லை, ஆப்பைத் திறந்தால்தான் எல்லாம் கொட்டுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் நெட்வொர்க் காரணமல்ல. அதிகம் திறக்காத ஆப்களைச் சாம்சங்கின் மென்பொருளான ஒன் யூஐ தானாகத் தூங்கவைக்கும். டீப் ஸ்லீப் பட்டியலுக்குப் போன ஆப் நாமே திறக்கும்வரை பின்னணியில் இயங்காது. செட்டிங்ஸ், பேட்டரி, பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் என்று போய், வங்கி ஆப், அலுவலக மெசேஜ் ஆப், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஆகியவற்றை நெவர் ஸ்லீப்பிங் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வயதானவர்களுக்கு போன் அமைத்துக் கொடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. அவர்களுக்காக ஆட்டோ பிளாக்கரையும் ஆன் செய்யுங்கள். யாரோ அனுப்பிய ஃபைலிலிருந்து ஆப் நிறுவப்படுவதை அது தடுக்கும், மோசடிக்காரர்களின் வழக்கமான வழி அதுதான்.

கேமராவில் நம்பத் தகுந்தது ஒன்றே ஒன்று: ஓஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) உள்ள 50 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா. நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படம் தரும். பகலில் நிறமும் விவரமும் நன்றாக இருக்கும், இரட்டை மடங்கு ஜூம் வரை தெளிவு தாங்கும். அதற்கு மேல், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் இல்லாததால் வெறும் பெரிதாக்கல்தான். வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தையைப் பிடிப்பதில்தான் இது தோற்கிறது. ஓஐஎஸ் நம் கையின் நடுக்கத்தை மட்டும் ஈடுகட்டும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மங்கலான வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாவதால் முகம் கலங்கும். ஜன்னலோரம் நகர்வதோ ஒரு விளக்கைக் கூடுதலாகப் போடுவதோ எந்த மோடையும்விட அதிகப் பலன் தரும். இல்லையென்றால் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்கு உயர்த்திக்கொண்டு படத்தில் கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அகலமான காட்சிக்கான 12 மெகாபிக்சல் அல்ட்ராவைடு பகல் வெளிச்சத்துக்கு மட்டும். மிக நெருக்கத்தில் எடுக்கும் 5 மெகாபிக்சல் மேக்ரோ எண்ணிக்கைக்காக வைத்தது. பூவையோ மருந்துச் சீட்டையோ எடுக்க வேண்டுமானால் முதன்மைக் கேமராவில் 2x வைத்துச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பதே தெளிவாக வரும். வீடியோ 4கே வரை போகும், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம்தான். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 எம்பி ஆகும் என்பதால் குறைந்த இடத்தில் சேமிக்கும் ஹை எஃபிஷியன்சி வீடியோ தேர்வை ஆன் செய்துகொள்ளலாம்.

சேமிப்பு 128 அல்லது 256 ஜிபி. சிஸ்டமே 20 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால், நீண்ட நாள் வைத்துக்கொள்பவர் 256-க்குப் போவது நல்லது. மெமரி கார்டு போடலாம். ஆனால் அது இரண்டாவது சிம்மின் இடத்தில்தான் உட்காரும். இரண்டு எண்ணும் கார்டும் வேண்டுமானால் ஒரு எண்ணை இ-சிம்மாக மாற்ற வேண்டும். அந்த மாடலிலும் உங்கள் நெட்வொர்க்கிலும் இ-சிம் உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள். கார்டு நிரம்பாமல் கிடந்தாலும் வாட்ஸ்அப் படங்கள் போனின் உள் சேமிப்பில்தான் சேரும், அவ்வப்போது கையால் நகர்த்த வேண்டும். கணினிக்கு மாற்றும்போது யூஎஸ்பி 2.0 வேகம்தான், 50 ஜிபி நகர அரை மணி நேரம் வரை ஆகலாம்.

ஹெட்போன் துளை கிடையாது. மிக மலிவான சி-டு-3.5 இணைப்பான்களை வாங்கினால் சத்தமே வராது. சாம்சங் போன்கள் சி துளை வழியாக அனலாக் ஒலியை அனுப்புவதில்லை. டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டாக் சிப் உள்ளே உள்ள இணைப்பான்தான் வேலை செய்யும். பேசும்போது திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் தனி உறுப்பாக இல்லை, மற்ற சென்சார்களை வைத்து மென்பொருள்தான் ஊகிக்கிறது. அதனால் சில சமயம் அழைப்பின் நடுவே திரை விழித்து, கன்னம் பட்டு மியூட் விழும். ஆக்சிடென்டல் டச் புரொடெக்‌ஷனை ஆன் செய்தால் ஓரளவு குறையும், முழுதும் போகாது. நாள் முழுக்க அழைப்பில் இருப்பவர்கள் இயர்போனில் பேசுவதே வழி.

அப்டேட் கணக்குதான் இந்த போனை வாங்க வைக்கும் காரணம். ஆண்ட்ராய்டு 14-உடன் வந்தது. நான்கு தலைமுறை ஆண்ட்ராய்டும் ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட்டும் வாக்களிக்கப்பட்டுள்ளன. இந்த ஐந்து ஆண்டு வெளியான 2024-லிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. தாமதமாக வாங்குபவர் 2029-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, மூன்று ஆண்டு கூட மிஞ்சாது என்றால் விலை கணிசமாகக் குறைந்திருந்தால் ஒழிய எடுக்க வேண்டாம். அடுத்து வந்த ஏ56-ல் 45 வாட் சார்ஜிங்கும் ஆறு ஆண்டு அப்டேட்டும் உண்டு, ஆனால் மெமரி கார்டு இடம் போய்விட்டது. கூகுள் பிக்சல் 8ஏ ஏழு ஆண்டு அப்டேட்டும் வயர்லெஸ் சார்ஜிங்கும் தரும், 6.1 அங்குலம், கைக்கு அடக்கம். அதிலும் கார்டு கிடையாது.

கனமான விளையாட்டுகளை மணிக்கணக்கில் ஆடுபவர், கால் மணி நேர சார்ஜில் பாதி நாளை ஓட்ட நினைப்பவர், மேடை நிகழ்ச்சிகளைத் தூரத்திலிருந்து படமெடுப்பவர் ஆகிய மூவருக்கும் ஏ55 ஒத்துவராது. மற்றவர்கள் வாங்கும்போது கடையிலேயே *#0*# அடித்துத் திரை நிறங்கள், தொடுதல், ஸ்பீக்கர், அதிர்வு ஆகியவற்றைச் சோதிக்கலாம். கைமாறி வரும் போன் என்றால் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் டயக்னாஸ்டிக்ஸுக்குள் பேட்டரி நிலையையும் பார்த்துவிட்டு, *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.