தக்காளி 100 ரூபாயைத் தாண்டினால் எந்தக் கடையில் வாங்குவது?

2023 ஜூலையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. கர்நாடகத்தின் கோலார், ஆந்திராவின் மதனபள்ளி பக்கமிருந்து சென்னை கோயம்பேடு மொத்தச் சந்தைக்கு வரும் லாரிகள் குறைந்ததுதான் காரணம். வெயிலும் இலைச்சுருட்டு நோயும் தோட்டத்திலேயே விளைச்சலைத் தின்றுவிட்டன. தட்டுப்பாடு உண்மை, விலை ஏறியதும் நியாயம். ஆனால் எல்லாக் கடைகளும் ஒரே அளவு ஏற்றவில்லை, இறங்கும்போது ஒரே வேகத்தில் இறக்கவும் இல்லை. அடுத்த தட்டுப்பாடு தக்காளிக்கோ சின்ன வெங்காயத்துக்கோ பூண்டுக்கோ வரும். அதற்குள் எந்தக் கடையை நம்பலாம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் நியாய விலையைக் கணக்குப் போடப் பழகுங்கள். கோயம்பேட்டில் தக்காளி பெட்டிக் கணக்கில் போகும், பெட்டிக்குச் சுமார் 14 கிலோ. பெட்டி 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுக்கூலி, ஆட்டோ வாடகையில் பெட்டிக்கு 60 ரூபாய் விழும். அடியில் நசுங்கியது, அழுகியது என்று ஒன்றரை கிலோ கழியும். மிச்சம் பன்னிரண்டரை கிலோவுக்கு 1,460 ரூபாய் அடக்கம், அதாவது கிலோ 117. இதன் மேல் கடைக்காரர் 12, 15 ரூபாய் வைத்து 130க்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே கடை சாதாரண நாளில் என்ன செய்கிறது? பெட்டி 280 என்றால் அடக்கம் கிலோவுக்கு 27 ரூபாய், விற்பது 35. லாபம் 8 ரூபாய், சதவீதத்தில் பார்த்தால் 30. தட்டுப்பாட்டு நாளிலும் அதே 30 சதவீதத்தை வைத்தால் விலை 152 ஆகிவிடும். கடை வாடகையும் ஆள் கூலியும் தக்காளியோடு சேர்ந்து ஏறவில்லை. அழுகல் நஷ்டம் ஏறியது, அதை அடக்கத்திலேயே சேர்த்துவிட்டோம். கூடுதல் பணத்தைச் சரக்கில் முடக்குவதற்காக லாபம் 8லிருந்து 15 ஆகலாம், 35 ஆக வழியில்லை. 130க்கும் 152க்கும் நடுவில் உள்ள 22 ரூபாயை வைத்துத்தான் கடையை எடைபோட வேண்டும்.

மொத்த விலை தெரியாமல் இந்தக் கணக்கு நடக்காது. கோயம்பேடு விலை தினமும் நாளிதழ்களில் வருகிறது. உழவர் சந்தை வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் குவிண்டால் விலை கிடைக்கும், 100 ஆல் வகுத்தால் கிலோ விலை. நாட்டுத் தக்காளிக்கும் நவீன் தக்காளிக்கும் விலை வேறு. ஒன்றின் மொத்த விலையை வைத்து மற்றொன்றை அளக்காதீர்கள்.

உழவர் சந்தை

1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை: அடையாள அட்டை உள்ள விவசாயி நேரடியாக விற்கிறார், விலையை அதிகாரிகள் காலையில் நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேல், வெளிக்கடைக்குக் கீழ். தட்டுப்பாட்டில் முதலில் போக வேண்டிய இடம் இதுதான், கொடுக்கும் காசு விளைவித்தவர் கைக்கே போகிறது. சிக்கல் நேரம். காலை 8 மணிக்கு மேல் போனால் நல்ல சரக்கு இருக்காது. பலகையில் உள்ள விலைக்கு மேல் கேட்டால் உள்ளேயே இருக்கும் சந்தை அலுவலகத்தில் சொல்லலாம்.

கூட்டுறவுக் கடை

2023 ஜூலையில் பண்ணை பசுமைக் கடைகளிலும், சென்னையில் 82 ரேஷன் கடைகளிலும் அரசு கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. வெளிவிலையில் பாதி. நஷ்டத்தை அரசு தாங்கியதால் அந்த விலை, எனவே மற்றக் கடைகளை இதோடு ஒப்பிட்டுத் திட்டுவது நியாயமில்லை. அளவு குறைவு, வரிசை நீளம். காலையில் நேரம் இருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். வீட்டின் முழுத் தேவைக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

தள்ளுவண்டி

ஏற்றத்திலும் இறக்கத்திலும் மொத்த விலையோடு ஒட்டியே நடப்பது தள்ளுவண்டி. காரணம் எளிது, தேக்கி வைக்க அவரிடம் இடமே இல்லை. காலையில் எடுத்த பெட்டி இரவுக்குள் காலியாக வேண்டும், மாலை 7 மணிக்கு மேல் அவரே விலையைக் குறைப்பார். ஆனால் விலை ஏறினால் கிலோக் கணக்கை விட்டுக் கூறுக் கணக்குக்கு மாறிவிடுவார்கள். ஆறு தக்காளி, 50 ரூபாய். பார்வைக்கு மலிவு. தராசில் வைத்தால் 350 கிராம், அதாவது கிலோ 143. கூறு வாங்கினாலும் ஒருமுறை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுக்காமல் போடுபவரிடம் வாடிக்கை வைத்துக்கொள்ளலாம்.

எடையில் சந்தேகம் வந்தால் பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டில் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். 1,100 காட்டினால் தராசு பொய் சொல்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை முத்திரை கட்டாயம்.

அண்ணாச்சி கடை

இங்கேதான் கணக்கு நுணுக்கமாகிறது. தக்காளி மூன்று நாளில் கெடும், பழைய சரக்குப் பேச்சே எழாது. பூண்டும் சின்ன வெங்காயமும் வாரக்கணக்கில் மூட்டையில் நிற்கும். 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ 400ஐத் தொட்டபோது, குறைந்த விலையில் எடுத்த மூட்டையையும் புதுவிலைக்கு விற்கலாமா என்ற கேள்வி வந்தது. “அடுத்த மூட்டையைப் புதுவிலைக்குத்தானே எடுக்கணும்” என்பது கடைக்காரர் பதில். ஒப்புக்கொள்ளலாம். அப்படியானால் சந்தையில் விலை சரிந்த மறுநாளே கடையிலும் சரிய வேண்டும். அன்றைக்கு மட்டும் “பழைய விலைக்கு எடுத்த சரக்கு, கட்டுப்படியாகாது” என்றால், ஏறும்போது நாளைய விலை, இறங்கும்போது நேற்றைய விலை என்று இரண்டு பக்கமும் அவரே வைத்துக்கொள்கிறார். விலை உச்சத்தில் இருக்கும் நாளை விட, சரியத் தொடங்கிய முதல் நான்கு நாளில் கடையின் குணம் தெளிவாகத் தெரியும். அந்த நான்கு நாள் விலையைக் குறித்து வையுங்கள்.

இந்தச் சோதனையில் தேறும் அண்ணாச்சி கடையை விட்டுவிடாதீர்கள். கடன் கொடுப்பதும், வாடிக்கைக்காரருக்கு அரை கிலோ எடுத்து வைப்பதும், அழுகியதை மறுநாள் மாற்றித் தருவதும் வேறெங்கும் கிடைக்காது.

சூப்பர் மார்க்கெட்டும் செயலியும்

சூப்பர் மார்க்கெட்டில் பொறுக்கிய சரக்கு, சரியான எடை, கையில் ரசீது. பொறுக்கி எடுக்க விட்டால் கழிவே இருக்காது என்பதால் 5, 6 ரூபாய் கூடுதல் கொடுக்கலாம். வலைப்பையில் கட்டி விற்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள், நசுங்கியது அங்கேதான் இருக்கும்.

செயலியில் கிலோ விலையை நாமே கணக்கிட வேண்டும். 500 கிராம் 62 ரூபாய் என்றால் கிலோ 124, நல்ல விலைதான். ஒரு கிலோவுக்கு மட்டும் ஆர்டர் போட்டு 10 ரூபாய் கையாளும் கட்டணமும் 25 ரூபாய் டெலிவரியும் சேர்ந்தால் 159. மாத மளிகையோடு சேர்த்து வாங்கினால் லாபம், தக்காளிக்காக மட்டும் திறந்தால் நஷ்டம். பொட்டலம் 500லிருந்து 450 கிராம் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உதிரிக் காய்க்கு அதிகபட்ச சில்லறை விலை கிடையாது, கடைக்காரர் சொல்வதுதான் விலை. விலை அச்சிட்ட பொட்டலத்தில் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ரசீதையும் பொட்டலத்தையும் படமெடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதியலாம். எடை, விலை மோசடிகளைத் தமிழ்நாட்டில் கவனிப்பது தொழிலாளர் துறை, மாவட்ட அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். ரசீது தராத கடையில் இந்த வழி அடைபட்டுவிடும், ஆகவே தட்டுப்பாட்டு நாட்களில் பொட்டலச் சரக்கை ரசீது தரும் இடத்தில் மட்டும் வாங்குங்கள்.