மூன்றரை லட்சம் குடுத்து டைரக்‌ஷன் கோர்ஸ் படிக்கலாமா? படிச்சு முடிச்சவளோட ரிவ்யூ

நான் படிச்ச இன்ஸ்டிட்யூட் பேர இங்க போடல. சாலிகிராமம் பக்கம் இருக்குற ஒரு பிரைவேட் இன்ஸ்டிட்யூட், ஒரு வருஷ டைரக்‌ஷன் டிப்ளமோ, ஃபீஸ் மூன்றரை லட்சம், அவ்ளோ தெரிஞ்சா போதும். வடபழனி, கோடம்பாக்கம், வளசரவாக்கம் சுத்தி இருக்குற இன்ஸ்டிட்யூட்ல பாதிக்கு மேல ப்ரோஷர் ஒரே மாதிரிதான் இருக்கு, அதனால இதுல சொல்றது மத்த இடத்துக்கும் ஓரளவு பொருந்தும். கோர்ஸ்ல என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுன்னு யாராவது முன்னாடியே சொல்லிருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்கு தோணுச்சு, அதனால எழுதுறேன்.

காசு வொர்த்தான்னா, எனக்கு வொர்த். ஆனா எத காமிச்சு காசு கேக்குறாங்களோ அதுக்காக இல்ல. ப்ரோஷர்ல முதல் பக்கத்துல கேமரா இருக்கும், அடுத்து பின்னணிய மாத்திக்கிறதுக்கு க்ரீன் மேட் போட்ட ஷூட்டிங் ஃப்ளோர், அடுத்து சிறப்பு விருந்தினரா வர்ற டைரக்டர்ங்க ஃபோட்டோ. இது மூணும் இல்லாம இருந்தாலும் நான் கத்துக்கிட்டது கொறஞ்சிருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் நாங்க எடுத்த எக்சர்சைஸ் ஃபிலிம போட்டு, ஓடி முடிஞ்சதும் லைட்ட போட்டு, எடுத்தவங்கள முன்னாடி நிக்க வச்சு எல்லாரும் கேள்வி கேப்பாங்க. அதுக்குத்தான் நான் குடுத்த காசு போச்சு, அத மட்டும்தான் வெளிய வேற எங்கயும் காசு குடுத்தாலும் சுலபமா வாங்க முடியாது.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். முதல் எக்சர்சைஸ் வசனமே இல்லாம ரெண்டு நிமிஷ படம். எங்க பேட்ச்ல திருவண்ணாமலைல இருந்து வந்த ஒரு தம்பி, தண்ணி லாரிக்கு குடத்த வரிசைல வச்சிட்டு காத்திருக்குற ரெண்டு பொண்ணுங்கள பத்தி எடுத்திருந்தான், ஒருத்தி இன்னொருத்திய மொறைக்குறா, அதான் கதையே. ஃப்ரேம் எல்லாம் அழகா இருந்துச்சு. படம் முடிஞ்சதும் சார் கேட்டது ஒரே கேள்விதான், "இந்தப் பொண்ணு யாரப்பா பாக்குறா?" அவன் "எதிர்ல இருக்குறவள சார்"னான். சார் கிளாஸ பாத்து கேட்டாரு, பாதி பேர் லாரிய பாக்குறான்னாங்க, பாதி பேர் வேற யாரோ மூணாவது ஆள பாக்குறான்னாங்க. ஏன்னா ரெண்டாவது ஷாட்டுக்கு கேமராவ அந்தப் பக்கம் கொண்டு போயிட்டான், ரெண்டு பேரும் ஒரே திசைல பாக்குற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு கோடு இருக்குறதா நெனச்சுகிட்டு கேமரா அத தாண்டக் கூடாதுங்கறதுதான் நூத்தியெண்பது டிகிரி ரூல், அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கு, அந்தத் தம்பியும் அத பாத்தவன்தான், எங்க எல்லாருக்கும் டெஃபனிஷன் தெரியும். ஆனா நம்ம எடுத்தத பாத்து பதினஞ்சு பேர் வேற வேற அர்த்தம் பண்ணிக்கிறத நேர்ல பாக்குற வரைக்கும் அது வெறும் ரூலு. அன்னிக்கு நைட்டே எடிட்ல ஒரு ஷாட்ட தூக்கிட்டு, குடத்தோட க்ளோஸ் அப் ஒண்ண நடுவுல போட்டு திரும்ப காமிச்சான், இப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிஞ்சுது. அந்த ரெண்டு ஸ்க்ரீனிங்க்கு நடுவுல நடந்ததுதாங்க டைரக்‌ஷன் கிளாஸ்.

சவுண்ட் கிளாஸும் அருமை, இத யாரும் எதிர்பாத்து சேர்றதில்ல. ஒவ்வொரு லொகேஷன்லயும் பேக்கப்புக்கு முன்னாடி யாரும் பேசாம, ஃபேன், ஃப்ரிட்ஜ் எது ஓடுதோ அப்படியே விட்டு, ஒரு அரை நிமிஷம் அந்த ரூமோட சத்தத்த மட்டும் ரெக்கார்ட் பண்ண சொல்லுவாங்க. எதுக்குன்னு அப்ப புரியாது. டயலாக் கட் பண்ணி ஒட்டும்போது நடுவுல சத்தமே இல்லாத ஒரு ஓட்டை விழும் பாருங்க, அத அடைக்க அதான் வேணும். சென்னைல அதுவும் ஒரு அப்பார்ட்மென்ட்ல ஷூட் பண்ணா தண்ணி மோட்டார், காக்கா, கீழ போற காய்கறி வண்டி ஸ்பீக்கர்னு வந்துகிட்டே இருக்கும், அத எல்லாம் காதுல வாங்குற பழக்கம் எனக்கு அங்கதான் வந்துச்சு.

கேமரா டெக்னிக்கல் பாடம் மட்டும்னா அதுக்கு காசு தேவையே இல்ல. செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்தா ஷட்டர் ஸ்பீட செகண்ட்ல ஐம்பதுல ஒரு பங்கு வைக்கணும், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இல்லன்னா வீடியோல ட்யூப் லைட் மினுக்கு மினுக்குன்னு ஃப்ளிக்கர் அடிக்கும், இதெல்லாம் ஃபோன்லயே ஒரு நாள்ல கத்துக்கலாம். எடிட்டிங்க்கு டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷனே குறும்படத்துக்கு தாராளமா போதும்.

இப்ப மோசமானது. கேமரா ரெண்டுதான், பேட்ச் மூணு. புக் பண்ணி வச்ச நாள்ல, சீனியர்ங்க கோர்ஸ் முடிவுல எடுக்குற டிப்ளமோ ஃபிலிம் ஷூட்டுக்கு கேமரா போயிடும், நம்ம நடிக்க கூப்பிட்டு வச்ச ஆளுங்க காலைல ஏழு மணிக்கே வந்து உக்காந்திருப்பாங்க. விருந்தினர் கிளாஸ்ல பெரும்பாலும் அவங்க பட்ட கஷ்டம், எப்படி வாய்ப்பு கெடச்சுது, அப்பறம் ஃபோட்டோ. ஒரே ஒரு எடிட்டர் மட்டும் ஒரு சீனோட மூணு வெர்ஷன கொண்டு வந்து ஏன் மூணாவத வச்சோம்னு மூணு மணி நேரம் பேசினாரு, அந்த மாதிரி மாசத்துக்கு ஒண்ணு வச்சிருந்தா இந்த ரிவ்யூவே வேற மாதிரி இருந்திருக்கும். நடு வருஷத்துல ஸ்க்ரிப்ட் கிளாஸ் எடுத்தவரு வேலைய விட்டு போயிட்டாரு, அடுத்தவர் வர ரொம்ப நாள் ஆச்சு, அந்த கேப்புக்கு யாரும் எதுவும் பண்ணல.

சேரும்போது "படிச்சு முடிச்சதும் அசிஸ்டன்டா சேத்து விட்டுடுவோம்"னு சொன்னாங்க. கடைசில குடுத்தது ஒரு மேனேஜர் நம்பர். இது எனக்கு நிஜமாவே கோவம், ஏன்னா ஊர்ல நெலத்த அடமானம் வச்சு புள்ளைய அனுப்புன அப்பா அம்மா அந்த ஒரு வரிய நம்பித்தான் கையெழுத்து போடுறாங்க. எந்த இன்ஸ்டிட்யூட்டாலயும் டைரக்டர் ஆக்குறேன்னு உத்தரவாதம் குடுக்க முடியாது, குடுத்தா அது பொய்.

ஃபீஸுக்கு மேல ஒரு செலவு இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. டிப்ளமோ ஃபிலிம் செலவு நம்மளோடது. லைட் வாடகை, நல்ல லென்ஸ் வேணும்னா அதுக்கு வாடகை, நடிகர்களுக்கு ஆட்டோ காசு, யூனிட்டுக்கு மூணு வேள சாப்பாடு, வீடு குடுத்தவங்களுக்கு ஏதாவது. பெசன்ட் நகர் பீச்சுல ட்ரைபாட நட்டா போலீஸ்காரர் வந்து பர்மிஷன் லெட்டர் கேப்பாரு, அதுக்கும் அலையணும். ஃபீஸ்ல கால்வாசி தனியா எடுத்து வைக்க முடிஞ்சா மட்டும் சேருங்க, இல்லன்னா வருஷம் பூரா ஃபீஸ் கட்டிட்டு கடைசில படமே எடுக்காம சர்டிஃபிகேட்டோட வெளிய வர்ற நெலம ஆகும், எங்க பேட்ச்லயே ரெண்டு பேருக்கு அப்படி ஆச்சு.

ப்ளஸ் டூ முடிச்ச புள்ளைங்க முதல்ல தரமணி அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் ட்ரை பண்ணணும். 1945ல ஆரம்பிச்சது, ரொம்ப நாளா அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்னு சொல்லுவாங்க, கேமராமேன் பி.சி.ஸ்ரீராம் எல்லாம் அங்க படிச்சவருதான். நாலு வருஷ டிகிரி, ஃபீஸ் பிரைவேட்டோட ஒப்பிடவே முடியாத அளவுக்கு கம்மி, சீட்டும் கம்மி, வயசு வரம்பு இருக்கு. டிகிரி முடிச்சவங்கன்னா மத்திய அரசோட ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுங்களான புனே எஃப்டிஐஐ, கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட் என்ட்ரன்ஸ் எழுதலாம், பாலு மகேந்திரா புனேலதான் ஒளிப்பதிவு படிச்சாரு. எனக்கு தரமணிக்கு வயசு தாண்டிடுச்சு, வீட்ட விட்டுட்டு மூணு வருஷம் புனே போக முடியாது, அதனாலதான் பிரைவேட்.

வீட்ல இத பேசினா உடனே ஒரு கேள்வி வரும், "மணிரத்னம் எந்த ஸ்கூல்ல சினிமா படிச்சாரு?" எங்க சித்தப்பா வாராவாரம் கேட்டாரு. மணிரத்னம் படிச்சது மேனேஜ்மென்ட், யார்கிட்டயும் அசிஸ்டன்டா இல்ல, உண்மைதான். ஆனா அவங்க அப்பா பட விநியோகஸ்தர், சினிமா வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. லோகேஷ் கனகராஜ் பேங்க்ல வேல பாத்துகிட்டே குறும்படம் எடுத்தவரு. கார்த்திக் சுப்பராஜ் சாஃப்ட்வேர் வேலைல இருந்தவரு, கலைஞர் டிவில நாளைய இயக்குநர் மூலமா வெளிய தெரிஞ்சாரு, அந்த ப்ரோகிராம யோசிச்சு பாருங்க, குறிச்ச தேதிக்குள்ள ஒரு குறும்படம் எடுக்கணும், ஜட்ஜுங்க முன்னாடி போடணும், அவங்க கேக்குறதுக்கு நின்னு பதில் சொல்லணும், திரும்ப அடுத்தது எடுக்கணும். நான் மூன்றரை லட்சம் குடுத்து வாங்குனது அதேதான். அது எந்த வழில கிடைச்சாலும் சரி, அது கிடைக்காம டைரக்‌ஷன் வராதுங்கறது என் நம்பிக்கை.

அசிஸ்டன்ட் டைரக்டரா போறது இன்னொரு வழி, நம்ம தமிழ் சினிமாவே அப்படித்தான் வளந்துச்சு. பாரதிராஜா கிட்ட இருந்து பாக்யராஜ், அவர் கிட்ட இருந்து பார்த்திபன், பாண்டியராஜன். பாலு மகேந்திரா கிட்ட இருந்து பாலா, வெற்றிமாறன், ராம். ஸ்கூல்ல வராத விஷயம் அங்க வரும், நூறு பேர் யூனிட்ட எப்படி நகத்துறது, கால்ஷீட் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது எந்த ஷாட்ட விடுறது, நடிகர் மூட் அவுட்னா என்ன பண்றது, இதெல்லாம் எந்த கிளாஸ்லயும் இல்ல. ஆனா நிறைய அசிஸ்டன்ட்ங்க வருஷக்கணக்கா ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் எதுவும் மாறாம இருக்க கன்டின்யூட்டி நோட்டு எழுதுறாங்க, காஸ்ட்யூம் பாக்குறாங்க, கூட்டத்த ஒழுங்கு பண்றாங்க, ஒரு ஷாட் கூட சொந்தமா வச்சிருக்க மாட்டாங்க. பரோட்டா மாஸ்டர் பக்கத்துல பத்து வருஷம் நின்னாலும் மாவ கையில எடுத்து வீசுனாத்தான் வீச வரும். அது போக பேட்டா, அதாவது தினப்படி காசு, ஒழுங்கா வராது, மேன்ஷன் வாடகை குடுக்கணும், வீட்ல இருந்து காசு அனுப்ப ஆள் வேணும், ஆக அந்த வழியும் ஃப்ரீ இல்ல.

பொண்ணுங்களுக்கு இதுல ஒரு விஷயம் தனியா சொல்லணும். பசங்க ஆஃபீஸ் வாசல்லயும் டீக்கடைலயும் நின்னு நின்னு ஆள புடிச்சு உள்ள போயிடுறாங்க. நைட் பதினோரு மணிக்கு ஸ்டோரி டிஸ்கஷனுக்கு வான்னா நம்ம வீட்ல என்ன சொல்லுவாங்க, தெரியாத ஆஃபீஸுக்கு யார நம்பி போறது. ஃபிலிம் ஸ்கூல் எனக்கு குடுத்த பெரிய விஷயம் ஒரு ஐடி கார்டும், அத காமிச்சு கேள்வி கேக்க ஒரு இடமும், தைரியமா கூட வேல செய்ய ஒரு கூட்டமும்தான். என் டிப்ளமோ ஃபிலிமுக்கு கேமரா பண்ணது பேட்ச்மேட், சவுண்ட் பேட்ச்மேட், இப்பவும் வேற வேற படத்துல வேல பாத்துகிட்டே ஞாயித்துக்கிழமை சேந்து எடுக்குறோம். 1986ல ஊமை விழிகள் வந்தப்போ அது ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க சேந்து எடுத்த படம்னு ஊரே பேசுச்சு, எழுதுனவரு, இயக்குனவரு, கேமரா எல்லாம் அங்க படிச்ச கூட்டம். ஒரு ஆளா வெளிய வர்றதுக்கும் ஒரு டீமா வெளிய வர்றதுக்கும் இருக்குற வித்தியாசம் அது. சர்டிஃபிகேட்ட இதுவரைக்கும் ஒரு டைரக்டர் கூட என்கிட்ட கேட்டதில்ல, படத்தோட லிங்க்க கேட்டாங்க.

அதனால காலேஜ்லயே உங்ககிட்ட நாலு பேர் கூட்டம் இருக்கு, அடிக்கடி படம் எடுத்து ஒருத்தர ஒருத்தர் முகத்துக்கு நேரா விமர்சனம் பண்ணிக்கிறீங்கன்னா, இந்த காச படத்துலயே போடுங்க. டிசம்பர்ல நடக்குற சென்னை சர்வதேச திரைப்பட விழாவுக்கு டெலிகேட் பாஸ் எடுங்க, கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல சினிமா புத்தகம் இருக்கு, வளசரவாக்கத்துல பா.ரஞ்சித் ஆரம்பிச்ச கூகை நூலகத்துல உதவி இயக்குநர்கள் உக்காந்து படிப்பாங்க, எழுதுவாங்க, அங்க போனாலே ஆளுங்க பழக்கம் ஆவாங்க. நான் ஓஎம்ஆர்ல எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு, சினிமால ஒரு ஆள கூட தெரியாம இருந்தவ, எனக்கு அந்த ஒரு வருஷம் வேண்டியிருந்துச்சு. இஎம்ஐ இன்னும் போயிகிட்டு இருக்கு, இருந்தும் சொல்றேன்.

ரேட்டிங்னா அஞ்சுக்கு மூணு. சனிக்கிழமை ஸ்க்ரீனிங்க்கும் சவுண்ட் கிளாஸுக்கும் முழு மார்க், கேமரா பங்கீட்டுக்கும் அந்த பொய் வாக்குறுதிக்கும் ஒண்ணுமே இல்ல.

விசாரிக்க போறவங்க ரிசப்ஷன்ல கேமரா மாடல கேட்டுட்டு வராதீங்க. ஒவ்வொரு ஸ்டூடன்ட்டும் தனியா எத்தன படம் டைரக்ட் பண்ணுவாங்கன்னு கேளுங்க, குரூப் ப்ராஜெக்ட்ட கணக்குல சேக்க விடாதீங்க. போன பேட்ச்ல அவார்டு வாங்குன படத்ததான் போட்டு காமிப்பாங்க, சுமாரா பண்ணவங்க படமும் ரெண்ட காமிங்கன்னு கேளுங்க, இன்ஸ்டிட்யூட்டோட தரம் அதுலதான் தெரியும். நடுவுல விட்டா ஃபீஸ் எவ்ளோ திரும்ப வரும்னு எழுதி வாங்குங்க. முக்கியமா, ஸ்டூடன்ட் படம் போட்டு பேசுற ஒரு கிளாஸ்ல பின் பெஞ்ச்ல உக்கார விடுவீங்களான்னு கேளுங்க. விட்டாங்கன்னா போய் முழுசா உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்படி ஒரு கிளாஸே இல்லைன்னா அட்வான்ஸ் கட்டாதீங்க.