அசாதயோப்ரினா, மெத்தோட்ரெக்சேட்டா? குடல் அழற்சி நோயில் இரு மருந்துகளின் பாதைகள்

கிரோன் நோயோ பெருங்குடல் புண் அழற்சியோ உள்ள ஒருவருக்கு, ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றுப்போக்கும் இரத்தக் கசிவும் திரும்பிவருமானால், மருத்துவர் நெடுங்காலத்துக்குப் பரிசீலிக்கும் எதிர்ப்பாற்றல் ஒடுக்கிகளில் அசாதயோப்ரினும் மெத்தோட்ரெக்சேட்டும் முக்கியமானவை. இரண்டும் விலை குறைந்தவை; பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை; முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் எடுப்பவை. ஆனால் உடல் அவற்றைக் கையாளும் விதம் முற்றிலும் வேறு, ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

அசாதயோப்ரின் உடலுக்குள் சென்றதும் 6-மெர்காப்டோபியூரினாக மாறுகிறது. 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய மருந்துகள் இவை. மெர்காப்டோபியூரினை மூன்று பாதைகள் ஒரே நேரத்தில் தம் பக்கம் இழுக்கின்றன. சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் செயலற்ற தயோயூரிக் அமிலமாக்குகிறது. டி.பி.எம்.டி. என்ற நொதி அதை மெத்தில் சேர்மங்களாக்குகிறது. அவை மிகுந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். மூன்றாம் பாதையில் செல்வது பல படிகளைக் கடந்து, டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளை ஒத்த தயோகுவானின் நியூக்ளியோடைடுகளாகிறது. நோயை அடக்குபவையும் இவைதாம், அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி வெள்ளணுக்களைச் சரியச் செய்பவையும் இவைதாம்.

ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு டி.பி.எம்.டி. நொதி அறவே செயல்படுவதில்லை. அவர்களுக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், மருந்தைத் தொடங்குமுன் இந்த நொதியைச் சோதிக்கும் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றியது. நம்மவர்களுக்கு அந்தச் சோதனை மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2014இல் கொரிய ஆய்வாளர்கள் என்.யு.டி.டி.15 என்ற மரபணுவின் மாறுபாட்டுக்கும் வெள்ளணுக்களின் திடீர்ச் சரிவுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். கிழக்காசியர்களிடம் மிகுதியாக உள்ள இந்த மாறுபாடு, இந்தியர்களிடமும் டி.பி.எம்.டி. குறைபாட்டைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த மரபணு தரும் நொதி, செயலூக்கம் பெற்ற நியூக்ளியோடைடுகள் டி.என்.ஏ.க்குள் நுழையுமுன் அவற்றின் வீரியத்தைக் குறைக்கும் காவலாளி. காவல் தளர்ந்தவரிடம், இரத்தத்தில் அளக்கப்படும் நியூக்ளியோடைடு அளவு இயல்பாகவே தெரிந்தாலும் மஜ்ஜை ஒடுங்கிவிடலாம். ஆகவே அந்த அளவைப் பார்த்து ஆறுதல் கொள்ள முடியாது.

வேறு சிலரிடம் மருந்தின் பெரும்பகுதி மெத்தில் பாதையிலேயே போய்விடும். நோயும் அடங்காது, கல்லீரல் நொதிகளும் உயரும். அவர்களுக்கு அசாதயோப்ரினை வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கோ கால் பங்குக்கோ குறைத்து, சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் அலோபியூரினாலைச் சேர்த்துக் கொடுத்தால், மருந்து மூன்றாம் பாதைக்குத் திரும்பிவிடுகிறது. இதே சேர்க்கை, அளவைக் குறைக்காமல் நேர்ந்தால் பெருங்கேடு: யூரிக் அமில மூட்டுவலிக்காக வேறொரு மருத்துவர் அலோபியூரினால் எழுதித்தரும்போது, நோயாளி தாம் அசாதயோப்ரின் உட்கொள்வதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் வேறு வழியில் செல்கிறது. அது உயிரணுக்களுக்குள் குளுட்டமேட் சங்கிலிகளைப் பெற்றுத் தங்கி, ஃபோலேட் என்ற பி வைட்டமினைச் சார்ந்த வேதிவினைகளைத் தடுக்கிறது. பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. எனவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தின் நிலை. அது தளர்ந்திருந்தாலோ, டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக் உடன் சேர்ந்தாலோ நச்சுத்தன்மை கூடும். கிரோன் நோயில் வாரம் ஒருமுறை 25 மி.கி. ஊசி பலன் தருவதை 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெருங்குடல் புண் அழற்சியில் பின்னர் நடந்த ஆய்வுகள் அத்தகைய நம்பிக்கையைத் தரவில்லை. அங்கே இதை முதல் தேர்வாகக் கருத எனக்குக் காரணம் தெரியவில்லை. குமட்டலைக் குறைக்க ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள் என்பதால், எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதிக் கேட்டு வாங்குவது நல்லது.

பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கு இரண்டும் சமமல்ல. மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். கருத்தரிக்கப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அசாதயோப்ரினையோ கர்ப்பகாலத்திலும் பெரும்பாலும் தொடர்கிறார்கள். இளம் ஆண்களிடம் தராசு மறுபக்கம் சாய்கிறது. அசாதயோப்ரின் வகை மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வோரிடம் நிணநீர்ப் புற்று ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுவதை 2009இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. அதிலும் அரிதான, கொடிய கல்லீரல்-மண்ணீரல் வகை, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியும் சேர்த்துப் பெறும் 35 வயதுக்குட்பட்ட ஆண்களிடமே மிகுதி. மொத்த எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் இருபது வயது இளைஞருக்கு அந்த ஊசியோடு துணைமருந்து தேவைப்படும்போது மெத்தோட்ரெக்சேட்டை எண்ணிப் பார்ப்பதே முறை.

எதைத் தொடங்கினாலும் இரத்த அணுக்களையும் கல்லீரல் நொதிகளையும் முதல் மூன்று மாதங்களில் அடிக்கடியும், பின்னர் மூன்று மாதத்துக்கொருமுறையும் பார்க்க வேண்டும். அசாதயோப்ரின் தொடங்கிய முதல் சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், அது என்.யு.டி.டி.15 குறைபாட்டின் வெளிப்பாடாக இருக்கக்கூடும்; அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திராமல், அன்றே மருத்துவரை அழைத்து, அடுத்த மாத்திரையை விழுங்குமுன் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.