குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: காடு பற்றி எழுதுபவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

காடழிப்பு பற்றிய செய்தியில் முதல் சிக்கல் இடமும் நாளும்தான். "அந்தப் பக்கம் மரம் வெட்டுகிறார்கள்" என்று தகவல் வரும். எந்த மூலையில், எப்போதிலிருந்து, எவ்வளவு பரப்பில் என்று கேட்டால் பதில் இருக்காது. இதற்கு உதவும் இலவசச் சேவைகளில் குளோபல் ஃபாரஸ்ட் வாட்சைத்தான் முதலில் திறக்க வேண்டும். எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நன்றாகவே பதில் தருகிறது. யார், ஏன் என்ற கேள்விகளுக்குத் தருவதில்லை. தருவதுபோல் தோன்றும் இடங்களில்தான் செய்திகள் தவறிப்போகின்றன.

வேர்ல்டு ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு 2014-ல் தொடங்கிய தளம் இது. அடிப்படைத் தரவு மேரிலாந்து பல்கலைக்கழகத்தினுடையது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2001 முதல் ஆண்டுவாரியாக மரப்பரப்பு இழப்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 0.09 ஹெக்டேர். வரைபடத்தைப் பார்க்கக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. வரைந்த எல்லையைச் சேமிக்கவும், அங்கே புதிய இழப்பு தெரிந்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கை பெறவும் மட்டும் கணக்கு வேண்டும். அந்த மின்னஞ்சல் வசதிக்காகவே கணக்கு தொடங்கலாம்.

வேலை செய்யும் முறை எளிது. வரைபடத்தில் எல்லையைக் கையால் வரையலாம், அல்லது ஏற்கெனவே இருக்கும் எல்லையை ஷேப்ஃபைல், ஜியோஜேசன் போன்ற வரைபடக் கோப்பாக ஏற்றலாம். பகுப்பாய்வை இயக்கினால் ஆண்டுவாரி இழப்பு ஹெக்டேரில் வரும், அதை சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இயக்குவதற்கு முன் கிளையடர்த்தி என்ற அமைப்பைப் பாருங்கள். நிலத்தில் எத்தனை சதவீதத்தை மரக்கிளைகள் மூடியிருந்தால் அதைக் கணக்கில் எடுப்பது என்பதுதான் அது. தளம் தானாக வைத்திருப்பது 30 சதவீதம். வறண்ட, மரம் கலைந்து நிற்கும் காடுகளில் இந்த அளவுகோல் காட்டின் பெரும்பகுதியைக் கணக்கிலேயே எடுக்காது. அங்கே 10 சதவீதத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். எந்தச் சதவீதத்தில் எடுத்த எண் என்பதைச் செய்தியிலும் குறிப்பிட வேண்டும். அது இல்லாமல் வரும் ஹெக்டேர் கணக்கை வேறு யாராலும் சரிபார்க்க முடியாது.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது. இந்தத் தளம் அளப்பது மரப்பரப்பை, காட்டை அல்ல. 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எதுவும் இதற்கு மரப்பரப்புதான்: இயற்கைக் காடு, ரப்பர் தோட்டம், யூகலிப்டஸ், எண்ணெய்ப்பனை எல்லாமே. இழப்பு என்று காட்டுவதில் தோட்டத்து அறுவடை, காட்டுத்தீ, புயலில் சாய்ந்த மரம் என எல்லாம் அடங்கும். "இத்தனை ஹெக்டேர் காடு அழிந்தது" என்று தலைப்பு வைத்துவிட்டு, அதில் பாதி தோட்டக்காரர் நட்டு வெட்டிய மரம் என்று மறுநாள் மறுப்பு வந்தால், உண்மையான காடழிப்பைப் பற்றிய அடுத்த செய்தியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே ஆண்டுக்கு இதே தளத்தின் இரண்டு எண்களைப் பாருங்கள். 2024-ல் உலக அளவிலான மரப்பரப்பு இழப்பு சுமார் 3 கோடி ஹெக்டேர். வெப்பமண்டல முதன்மைக் காட்டின், அதாவது அண்மைக் காலத்தில் முழுதாக வெட்டி மறுபடி வளராத பழைய இயற்கைக் காட்டின், இழப்பு 67 லட்சம் ஹெக்டேர். இரண்டும் சரிதான். அளந்த பொருள்தான் வேறு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2020 அறிக்கையோ 2015 முதல் 2020 வரை ஆண்டுக்கு 1 கோடி ஹெக்டேர் காடழிப்பு என்கிறது. அது நாடுகள் தரும் கணக்கு, நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறினால் மட்டுமே எண்ணுவது. மூன்றையும் ஒரே பத்தியில் கலந்தால் அர்த்தமே இருக்காது. வெப்பமண்டலக் காடு பற்றிய செய்தி என்றால் வரைபடத்தின் மேல் விரிக்கும் தரவு அடுக்குகளில் (லேயர்) முதன்மைக் காடு லேயரைச் சேர்த்துப் பகுப்பாய்வு செய்யுங்கள். தோட்டங்களில் பெரும்பாலானவை அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும்.

ஆண்டுகளை ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். கணக்கிடும் முறை 2011 முதலான ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 2015-ஐ ஒட்டி மறுபடியும் மேம்படுத்தப்பட்டது. சிறு இழப்புகளும் இப்போது கூடுதலாகப் பிடிபடுகின்றன. 2005-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் வைத்து "இத்தனை மடங்கு கூடிவிட்டது" என்று எழுதினால், அதில் ஒரு பகுதி அளவுகோல் மாறியதன் விளைவு. மூன்றாண்டு நகரும் சராசரி, அதாவது அடுத்தடுத்த மும்மூன்று ஆண்டுகளின் சராசரி, பாதுகாப்பானது. இழப்பிலிருந்து வளர்ச்சியைக் கழித்து நிகரக் கணக்கு போடுவதும் கூடாது. இரண்டும் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்டவை.

ஆண்டுத் தரவு அடுத்த ஆண்டின் முதல் பாதியில்தான் வரும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு எச்சரிக்கை லேயர் இருக்கிறது. தளத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். லேண்ட்சாட் படங்களில் ஓடும் கிளாட், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 10 மீட்டர் துல்லியத்தில் ஓடும் கிளாட், சென்டினல்-1 ரேடாரில் ஓடும் ராட் என்ற மூன்று எச்சரிக்கை முறைகளை ஒன்றாகக் கோத்துத் தருகிறார்கள். ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் என்பதால் மழைக்காலத்தில் ராட் ஒன்றே கைகொடுக்கும். சதுப்புக் காடுகளில் வெள்ளமும் ஈரமும் மாறும்போது அதுவே தவறாகவும் கூவும்.

எச்சரிக்கையில் இருக்கும் தேதி மரம் வெட்டிய தேதி அல்ல, செயற்கைக்கோள் கண்டுபிடித்த தேதி. நடுவில் வாரக்கணக்கில் மேகம் மூடியிருக்கலாம். அடுத்தடுத்த படங்களிலும் அதே மாற்றம் தெரிந்தால்தான் நம்பகம் உயரும். உறுதியாகாதவை பின்னர் நீக்கப்படலாம். கடந்த இரண்டு வாரத்து எண்ணிக்கை அடுத்த மாதம் குறைந்து தெரிவது அதனால்தான். உயர் நம்பகமுள்ளவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து, பதிவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

தீ லேயரில் புள்ளிகளை எண்ணித் தீயின் எண்ணிக்கை சொல்வது பரவலாக நடக்கும் தவறு. செயற்கைக்கோளில் இருந்து வெப்பத்தைக் கண்டறியும் விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீட்டர் பிக்சலின் மையம். தீ அதற்குள் எங்கும் இருக்கலாம். ஒரே தீ பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் பல புள்ளிகளாக விழும். எரிவாயு எரிக்கும் கோபுரமும் எரிமலையும்கூடப் புள்ளியாகும். அடர்ந்த கிளைக்கடியில் தவழும் சிறு தீ தெரியாமலே போகும். விவரம் தேவையானால் நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்துக்கே போய் மூலத் தரவை எடுப்பது மேல். அங்கே நேரம் உள்ளூர் நேரத்தில் அல்ல, யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும் என்பதை மறந்தால் இரவுத் தீ பகல் தீ ஆகிவிடும்.

எந்த எச்சரிக்கையானாலும் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க உதவும் கோப்பர்னிக்கஸ் பிரௌசர் தளத்தில் சென்டினல்-2 படத்தைத் திறங்கள். 2015 முதல் இருக்கிறது, இலவசம்தான். முன், பின் என இரண்டு படங்களை எடுக்கும்போது இரண்டும் ஆண்டின் ஒரே பருவத்தில் இருக்க வேண்டும். இலையுதிர் காடு கோடையில் பழுப்பாகத் தெரிவதை வெட்டிய நிலம் என்று நினைத்துவிடுவது எளிது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் பொய்நிறப் படத்தில் உயிருள்ள பசுமை சிவப்பாக நிற்கும். அதன் நடுவே நேர்க்கோட்டு விளிம்புடன் ஒரு வெளிறிய திட்டும், அதை நோக்கி ஒரு புதிய சாலையும் தெரிந்தால், அது புயல் வேலை அல்ல என்பதற்கு வலுவான அடையாளம்.

தளத்தின் பலவீனமான பகுதி நில உரிமை லேயர்கள். மரம் வெட்டும் உரிமம், சுரங்கம், எண்ணெய்ப்பனைத் தோட்டம் என்று எல்லைகள் அழகாக வரும். சில நாடுகளுக்கு இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. இருப்பதும் பழையதாக இருக்கலாம். லேயரின் பெயருக்கு அருகிலுள்ள தகவல் குறியை அழுத்தினால் எந்த ஆண்டுத் தரவு, யார் தந்தது என்று தெரியும். எச்சரிக்கைப் புள்ளி ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் விழுவதை மட்டும் வைத்து அந்த நிறுவனத்தின் பெயரை எழுதக் கூடாது. நிலப் பதிவேடு, நிறுவனப் பதிவு, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, அந்த ஊர்க்காரர்கள் என்று வேறு வழியில் உறுதி செய்தாக வேண்டும். பிறகு நிறுவனத்திடம் கேள்வி அனுப்பும்போது இடக்குறிப்பு, தேதி, முன்-பின் படங்கள் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். பொதுப்படையான மறுப்புக்கு அப்போது இடம் குறைவு. "அது எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது" என்று பதில் வந்தால், எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.