தீப்பெட்டி லேபிள் புத்தகம்: சிவகாசி ஆஃப்செட்டா, மதுரை டிஜிட்டலா?

தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்களுக்கு ஆல்பம் நிரம்பியதும் அடுத்து வரும் ஆசை, சொந்தச் செலவில் ஒரு புத்தகம். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. அந்த லேபிள்களை அச்சடித்த சிவகாசி சுமார் 70 கிலோமீட்டர்தான். அதற்காக அங்கே போடுவதுதான் லாபம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இப்படி ஒரு நூலை வாங்கப்போவது இருநூறு, முந்நூறு பேர். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

சிவகாசி ஆஃப்செட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு, செய்தாக வேண்டும். வழக்கமான நாவல் அளவான டெமியில் 160 பக்கம் என்றால் 10 ஃபாரம்; ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்துக்குத் தாளின் முன்னும் பின்னும் நான்கு நான்கு வண்ணம், ஆக 8 பிளேட். முழுக்கக் கலர் என்றால் 80 பிளேட். 100 பிரதி போட்டாலும் 1000 போட்டாலும் இந்த 80 குறையாது. அதனால்தான் அச்சகத்தில், "அண்ணாச்சி, ஆயிரமாப் போட்டுருங்க, ஒண்ணுக்கு வெலை எவ்வளவு எறங்குதுன்னு பாருங்க" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் விற்காத எழுநூறு பிரதியைப் பரணில் ஏற்றும்போது அந்த இறங்கிய விலையால் என்ன பிரயோஜனம்?

பிளேட்டைக் குறைக்க வழி உண்டு. கலர்ப் படங்களை மூன்று ஃபாரத்தில் ஒதுக்கிவிட்டு மற்றதைக் கறுப்பில் போட்டால் 38 பிளேட்டில் முடியும். தீப்பெட்டித் தொழிலின் வரலாறு எழுதுபவருக்கு இது சரி. லேபிளையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கேட்டலாகுக்கு ஒத்துவராது.

மதுரையில் டிஜிட்டலில் போட்டால் பிளேட்டே கிடையாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. ஐம்பது பிரதி போட்டு, பிழை திருத்தி, அடுத்த ஐம்பது போடலாம். குறை இரண்டு. டோனர் என்ற மைப்பொடி தாளின் மேலேயே உட்காருவதால் பழைய லேபிளின் மங்கிய சிவப்புக்கு இல்லாத மினுமினுப்பு வந்துவிடும்; பளபளப்பில்லாத மேட் தாள் கேளுங்கள். அடுத்தது பைண்டிங். கலர்ப் படத்துக்குப் போடும் பூச்சுத் தாளான ஆர்ட் பேப்பரில் பசை சரியாகப் பிடிக்காது, நாலு தடவை விரித்தால் பக்கம் கழன்று வரும். தையல் பைண்டிங் செய்து தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே அச்சடித்தாலும் பாதி வேலை ஸ்கேனில்தான். லேபிளை லென்ஸில் பாருங்கள். வண்ணம் தட்டையாக இருந்தால் பிரச்சினை இல்லை. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், அதை அப்படியே ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போது புதுப் புள்ளியும் பழைய புள்ளியும் மோதி, சாமி முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். ஸ்கேனரில் டீஸ்கிரீன் என்ற, பழைய புள்ளிகளைக் கரைக்கும் வசதியைப் போட்டு எடுக்க வேண்டும். அச்சகம் தரும் மாதிரிப் பக்கத்தை, அதாவது புரூஃபை, டியூப் லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள்.

ஆர்டர் வர வர ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டு விற்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் நிறுவனங்களிடம் போனால் முதலீடு தேவையில்லை. ஆனால் முழுக்கலர் நூலுக்கு அச்சுக்கூலியும் கமிஷனும் சேர்ந்து விலை எகிறிவிடும். தாளும் அளவும் அவர்கள் வைத்திருப்பதுதான். அமேசானின் மின்புத்தகமான கிண்டில் இன்னும் மோசம். 70 சதவீத ராயல்டி என்பார்கள், அதைக் கணக்குப் போடும் முன்பே விலையிலிருந்து கோப்பின் எடைக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் பிடித்தம் உண்டு. 40 மெகாபைட் படப் புத்தகம் என்றால் பிரதிக்கு 280 ரூபாய்! பிடிஎஃப் விற்றால் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் சுற்றும்.

நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். தபாலுக்கு 2025 மே மாதம் வந்த, புத்தகங்களுக்கான அஞ்சல் துறையின் சலுகைச் சேவையான ஞான் போஸ்ட் இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. மேற்சொன்ன 160 பக்கத்தை 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடைக் கணக்கு) தாளில் போட்டால் 330 கிராமைத் தொடும். 100 ஜிஎஸ்எம் என்றால் உறையோடு 300-க்குள் அடக்கிவிடலாம். விளம்பரம் உள்ள நூலுக்கு இந்தச் சலுகை இல்லை. தீப்பெட்டி லேபிளே விளம்பரம்தானே என்று கவுண்டரில் யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்!

என்னைக் கேட்டால், பிரதிக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் கட்டியவர்கள் நூற்றைம்பதைத் தாண்டாதவரை மதுரை டிஜிட்டல்தான். முந்நூறு வந்துவிட்டால் சிவகாசி. இடைப்பட்டால் இரண்டு இடத்திலும் கொட்டேஷன் வாங்குங்கள். சிவகாசிக்குப் பொங்கல் கழித்துப் போங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டதிலிருந்து வருஷக் கடைசிவரை அங்கே மெஷின்களுக்குக் காலண்டர் வேலை, முந்நூறு பிரதிக்காரரைத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.