கிளிம்மர் ஹாட் ஃபாயில்: சூடு அதன் பொறுப்பு, அழுத்தம் உங்கள் பொறுப்பு

ஸ்பெல்பைண்டர்ஸின் கிளிம்மர் ஹாட் ஃபாயில், அட்டையில் பளபளக்கும் எழுத்தும் டிசைனும் பதிக்கும் கருவி; ஆனால் தனித்து இயங்கும் மெஷின் இல்லை. சூடேறும் ஒரு தட்டும் அதைச் சூடாக்கும் அடித்தளமும்தான். அழுத்தம் கொடுக்க டை கட்டிங் மெஷின் (உருளைகளுக்கு நடுவே நெருக்கித் தாளை வடிவமாக வெட்டும் கருவி) தேவை. அது இல்லாதவர்கள் அதன் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்து விழும் அதே முறைதான், சின்ன அளவில். ஃபாயிலில் பாலியெஸ்டர் பிலிம் மேல் சாயம், அலுமினியம், பசை என்று அடுக்குகள் இருக்கும். சூடான தட்டின் மேல் வைக்கும் பிளேட்டின் (டிசைன் மேடாக இருக்கும் உலோக அச்சு) மேடான கோடு படும் இடத்தில் பசை இளகித் தாளைப் பிடித்துக்கொள்ளும். பிலிம் உரிந்து வந்துவிடும்.

தட்டு சூடானதும் பச்சை விளக்கு எரியும். பிளேட்டை டிசைன் மேலே தெரியும்படி வையுங்கள். அதன்மேல் ஃபாயிலின் பளபளப்பான பக்கம் கீழே, மங்கலான பக்கம் மேலே. அதன்மேல் அட்டையைக் கவிழ்த்து வைத்து, டைமர் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மின்னி நின்றதும் தட்டை அடித்தளத்திலிருந்து எடுத்து டை கட்டிங் மெஷினுக்குள் உருட்ட வேண்டும். ஃபாயில் பக்கம் மாறினால் பசை பிளேட்டில் ஒட்டும், அட்டை வெறுமையாகவே வரும். ஃபாயிலை டிசைனைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக வெட்டுங்கள். 5 அங்குல அகலம், 15 அடி நீள ரோல் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். பிளேட்டை எடுக்க இடுக்கி அவசியம், விரல் பொசுங்கும்.

இதுவரை சுலபம். சிக்கல் எல்லாம் அழுத்தத்தில். ஒவ்வொரு டை கட்டிங் மெஷினின் இடைவெளியும் வேறு. ஒரே மெஷினில்கூட நடுப்பகுதி ஓரத்தைவிடத் தளர்ந்திருக்கும். எழுத்து நடுவில் விட்டுவிட்டு விழுந்தால் அழுத்தம் போதவில்லை: அட்டைக்கு மேல் சாதாரண ஏ4 தாள் ஒன்றை ஷிம்மாக, அதாவது இடைவெளியைக் குறைக்கும் மெல்லிய அடுக்காக, வையுங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ.; அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். நடுவில் மட்டும் குறை என்றால் அந்த அளவுக்கு வெட்டிய துண்டு போதும். மாறாக, கோடுகளைச் சுற்றி ஃபாயில் தூசிபோலப் படிந்தால், அல்லது 'அ', 'ஆ' மாதிரி எழுத்தின் சுழி அடைபட்டால் அழுத்தமோ சூட்டு நேரமோ கூடிவிட்டது. ஷிம்மை எடுங்கள், உருட்டியதும் உடனே பிரியுங்கள். லேசான படிவு வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போகும்.

தாள் வழவழப்பாக, 220 முதல் 300 ஜிஎஸ்எம்முக்குள் இருக்கட்டும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் பள்ளங்களை ஃபாயில் தொடாது. அதற்கு இந்தக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மை பூசும் வேலை இருந்தால் முதலில் ஃபாயில், பிறகு மை. ஈரம் காயாத மையில் ஃபாயில் கண்ட இடத்தில் ஒட்டும்.

மெல்லிய கோடு, சின்ன எழுத்து என்றால் கிளிம்மரை நம்பலாம். அகலமான நிரப்பு டிசைன்களுக்கு அழுத்தம் பரவிப்போவதால் திட்டுத்திட்டாகத்தான் வரும். அந்த வேலைக்கு லேசர் பிரிண்ட் எடுத்து லேமினேட்டரில் விடும் டோனர் ஃபாயில் முறையே மேல். ஒவ்வொரு டிசைனுக்கும் தனி பிளேட் வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் அந்த ஃபாயில் வேறு, இது வேறு. கடையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ரோலின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.