மகளை மக்களாக்கிய கீபோர்டு

"ரெண்டு வருஷமா இந்த மெக்கானிக்கல் கீபோர்டை வச்சிருக்கியே, வாங்கலாமா வேண்டாமா? ஒரே வரியில் சொல்" என்று நண்பன் கேட்டிருந்தான். ஒரே வரியில் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என்னுடையது 75 சதவீத அளவு. எண் பட்டை இல்லை, அம்புக்குறி விசைகள் உண்டு. அலுமினிய உடல், ஒவ்வொரு விசைக்கும் அடியில் கழற்றி மாட்டக்கூடிய சுவிட்ச், புளூடூத், கம்பியில்லாமல் இணைக்கக் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள், வயா என்ற மென்பொருள் வழியாக எந்த விசைக்கும் எந்த வேலையையும் கொடுக்கும் வசதி. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவன் கேட்கிறான். எனக்குச் சொல்ல இருப்பது க விசையைப் பற்றி.

நான் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் தட்டுகிறவன். அதில் ஆங்கில எச் இருக்கும் இடத்தில் க உட்கார்ந்திருக்கும். வலது கை ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அக்கா என்று எழுத அ, க, க, ஆ போதும். புள்ளி விசையைத் தேட வேண்டாம். இந்த வசதி பழகியவர்கள் வேறு முறைக்கு லேசில் மாற மாட்டார்கள்.

கீபோர்டு வாங்கி எட்டு மாதம் இருக்கும். "மகள் வந்திருக்கிறாள்" என்று எழுதினேன். திரையில் "மக்கள் வந்திருக்கிறாள்" என்று நின்றது. கை தவறியிருக்கும் என்று திருத்தினேன். மறுநாள் தாகம் தாக்கமானது. அதற்கு அடுத்த வாரம் ஓர் அலுவலகக் கடிதத்தில் "இது என் ஊகம்தான்" என்று எழுதியது "இது என் ஊக்கம்தான்" என்று போய்ச் சேர்ந்தது. எதிர்முனையில் இருந்தவர் "உங்கள் ஊக்கத்துக்கு நன்றி" என்று பதில் போட்டார். மனுஷர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கேட்கவும் முடியவில்லை.

ஆங்கிலத்தில் எச் இரட்டித்தால் உடனே சிவப்புக் கோடு விழும். தமிழில் க இரட்டித்தால் இன்னொரு நல்ல சொல் வந்து நிற்கும். விலகு விலக்கு ஆகும், அடகு அடக்கு ஆகும். எழுத்துப்பிழை திருத்தி என்ன செய்யும், பாவம்.

முதலில் என் விரலைச் சந்தேகித்தேன். பிறகு தமிழ் மென்பொருளை. பிறகு புளூடூத்தை. கம்பி போட்டுப் பார்த்தேன், அப்போதும் வந்தது. கடைசியில் க விசையின் சுவிட்சைப் பிடுங்கி, நான் தொடவே தொடாத ஒரு விசையின் சுவிட்சோடு இடம் மாற்றினேன். இரட்டிப்பு சுவிட்சோடு கூடவே போனது. திருடன் அகப்பட்டான்.

சுவிட்சுக்குள் இருப்பது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். விசையை அழுத்தும்போது நடுத்தண்டு இறங்கி அவற்றைத் தொட விடுகிறது. தொட்ட கணத்தில் அவை ஒருமுறையில் ஒட்டுவதில்லை, சில மில்லி செகண்டுகள் துள்ளும். அந்தத் துள்ளலை ஒரே தட்டாக எடுத்துக்கொள்வது கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பொறுப்பு, இதை டீபௌன்ஸ் என்பார்கள். வயாவுக்கு அடியில் ஓடும் கியூஎம்கே என்ற ஃபர்ம்வேரில் அதற்கு வழக்கமாகக் கொடுத்திருப்பது 5 மில்லி செகண்ட். தகட்டில் தூசியோ கறையோ ஏறித் துள்ளல் அதைத் தாண்டினால், ஒரு தட்டு இரண்டாகிவிடும். அந்த 5ஐ 10 ஆக்கினால் போதுமே என்று வயாவைத் திறந்தேன். என் கீபோர்டுக்கு அதில் அந்த இடமே இல்லை. ஃபர்ம்வேரையே புதிதாகக் கட்டி ஏற்ற வேண்டுமாம். விளக்கு எந்த நிறத்தில், எந்த வேகத்தில் மினுங்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய வழி வைத்திருக்கிறார்கள்.

தயாரித்தவர்களுக்கு எழுதினேன். எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். செய்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அமைத்த லேயர்கள், அதாவது விசைகளுக்குக் கொடுத்திருந்த வேலைகளின் அடுக்குகள், போயின, இரட்டிப்பு மட்டும் அப்படியே இருந்தது. (வயாவில் அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். நீங்களாவது முதலிலேயே செய்துவிடுங்கள்.)

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். சுவிட்சைக் கழற்ற முடியாத கீபோர்டாக இருந்தால் இந்த ஒரு விசைக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் சால்டரிங் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். இதில் விசையின் மேல்மூடியான கீகேப்பை எடுத்து, இடுக்கியால் சுவிட்சின் இரண்டு காதையும் அமுக்கி இழுத்தால் வந்துவிடுகிறது. பெட்டியில் உபரியாகக் கொடுத்திருந்ததில் ஒன்றைச் செருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் 'க்ளக்' சத்தத்தில் அத்தனை நாள் கோபமும் இறங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

ஐந்து மாதம் கழித்து ம. அதற்கு அப்புறம் த. த இரட்டித்தால் விதை வித்தையாகும், கதி கத்தியாகும். ம சுவிட்சை மாற்றும்போது அவசரத்தில் நேராகச் செருகவில்லை. செம்புக் கால் ஒன்று மடங்கிப் படுத்துவிட்டது, விசை செத்துவிட்டது. புருவம் பிடுங்கும் சாமணத்தால் நிமிர்த்தி மறுபடி செருகினேன். 5 கோடி தட்டு தாங்கும் என்று போட்டிருந்த சுவிட்சுகள் இவை. நான் அவ்வளவு எழுதியிருந்தால் இந்நேரம் கை இருந்திருக்காது.

பிடித்தது? கேப்ஸ் லாக். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது; அந்த விசை எனக்கு எதற்கு? அதைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவும் விசையாக்கிவிட்டேன். மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே பதிந்திருப்பதால் எந்தக் கணினியில் மாட்டினாலும் இடது சுண்டுவிரல் அங்கேதான் போகிறது. இந்த ஒன்றுக்காகவே வேறு கீபோர்டில் கை வைக்கப் பிடிப்பதில்லை. பின்விளக்கை அணைத்துவிட்டால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது. கம்பியில்லாதது என்று பெயர், ஆனால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனம், பையில் தூக்கிப் போகிற சமாசாரம் இல்லை. விசைகளை மாற்றி அமைக்கக் கம்பி போட்டே ஆக வேண்டும். சும்மா இருந்து தூங்கிப் போனால், எழுப்பத் தட்டும் முதல் எழுத்தை விழுங்கிவிடும். இதெல்லாம் பழகிவிட்டது.

க மட்டும் பழகவில்லை. சுவிட்ச் மாற்றியபின் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் க வரும் ஒவ்வொரு சொல்லையும் கண் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. வேகமாக எழுதத்தானே இதை வாங்கினேன்?

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. உபரி சுவிட்ச் தீர்ந்ததால் நேற்று ஒரு கட்டு வரவழைத்திருக்கிறேன், அது வேறு கதை. "இந்த ஆசையிலிருந்து விலகு" என்று அவனுக்கு அடித்தேன். விலகு என்றுதான் விழுந்திருந்தது. இன்னொரு தரம் பார்த்துவிட்டு அனுப்பினேன்.